ஜெபகுமாரியின் இரண்டாவது சாட்சி

ஜெபகுமாரியின் வயிற்றைப் பற்றி அந்தச் சபையில் தெரியாத ஆள் கிடையாது. குலசேகரத்துக்கும் திருவட்டாருக்கும் நடுவே ரப்பர் தோட்டங்களுக்குள் ஒடுங்கிக் கிடக்கும் ஊர் அது. அங்கே ஒருத்தி தும்மினால் சாயங்காலத்துக்குள் ஜெபக்குறிப்பாகிவிடும். அப்படிப்பட்ட ஊரில் மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, தன் வயிற்றுவலி தீர்ந்த கதையைத் தானே சொன்னவள் அவள். ஒரு தடவை சொன்னதோடு நிறுத்தியிருந்தால் கூடப் பரவாயில்லை. இரண்டாம் தடவை சொன்னதுதான் அவளை இன்றுவரை தலைகுனிய வைத்திருக்கிறது.

அவள் பிறந்தது குலசேகரத்துக்கு மேலே, மலையோரத்தில். அப்பா தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர். அம்மாவுக்கு வருஷக்கணக்காக வயிற்றுவலி. கஷாயம், பத்தியம், மந்திரித்த எண்ணெய் என்று ஒன்று பாக்கியில்லாமல் பார்த்துவிட்டு, எழுந்திருக்க முடியாமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் அப்பாவைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். மழைக்காலம் முடியும் முன்னே அம்மா போய்விட்டாள். வீட்டில் அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம், "ஸ்கேன் எடுத்தாவ, அதோட போயிட்டா" என்றுதான் சொன்னார்கள். பிந்திப் போனோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. அப்போது பதினெட்டு வயதாயிருந்த ஜெபகுமாரியின் மனதில் ஸ்கேன் என்றால் எமன் வீட்டு விலாசம் என்று பதிந்துவிட்டது.

பிறகு ஆபேலைக் கட்டினாள். ஆபேல் ஆட்டோ ஓட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார். அந்த வீட்டுக்கு வேண்டிய பேச்சையெல்லாம் அவளே பேசிவிடுவாள் என்று விட்டுவிட்டார் போல. மகள் பெபிஷாவை நர்சுக்குப் படிக்க வைத்து சவுதிக்கு அனுப்பினார்கள். அதற்காகவே ஜெபகுமாரி வீட்டின் பின்புறம் அடுப்பு போட்டு ஏத்தங்காய் என்கிற நேந்திரங்காயில் சிப்ஸ் வறுக்க ஆரம்பித்தாள். மகள் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகும் அடுப்பை அணைக்கவில்லை. கொதிக்கிற தேங்காயெண்ணெயில் காயை நேராகச் சீவிப் போட்டு, மஞ்சள் கலந்த உப்புத் தண்ணீரைச் சுள்ளென்று தெளிப்பாள். சத்தத்தை வைத்தே பதம் சொல்லிவிடுவாள் என்று தக்கலை பேக்கரிக்காரர்கள் புகழ்வார்கள். அதெல்லாம் சும்மா. ஒவ்வொரு ஈட்டுக்கும் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுப் பார்த்துத்தான் அவள் பதம் சொன்னாள்.

வலி தொடங்கியது அந்த அடுப்பு முன்னால்தான். வலது விலாவுக்குக் கீழே ஒரு பிடிப்பு. பிடித்தால் விடாது. முதுகுக்கு ஏறி, வலது தோள்பட்டையில் போய் உட்காரும். வாந்தி வரும். இரண்டு மூன்று மணி நேரம் புழுவாய்த் துடிக்க வைத்துவிட்டு, வந்த சுவடு தெரியாமல் போய்விடும். ஊரில் வயிற்றுவலி எத்தனை விதமாக வந்தாலும் அதற்கு ஒரே பெயர், வாய்வு. இஞ்சிச்சாறு குடித்தாள். ஓமத்தண்ணீர் குடித்தாள். கேஸ் மாத்திரையை மிட்டாய் மாதிரி விழுங்கினாள். சோடாவைக் குடித்து ஏப்பம் விட்டு, "பாத்தியளா, வாய்வுதான்" என்று ஆபேலிடம் சாதித்தாள்.

பெபிஷா வீடியோ காலில் கேட்டாள். "அம்மா, வேதனை எந்தப் பக்கம்? கைய வச்சு காட்டு."

ஜெபகுமாரி வலது விலாவுக்குக் கீழே கையை வைத்தாள்.

"தோளுக்கு ஏறுதா? தின்ன பெறவா வருது?"

"தின்னாம எப்பிடி மக்கா இருக்க முடியும்?"

"வெளையாடாத. அது பித்தப்பையில கல்லா இருக்கும். எண்ணெயும் கொழுப்பும் தின்னா அந்தப் பை சுருங்கி பித்தத்த வெளிய தள்ளும். கல்லு வாசல்ல போய் அடச்சா இப்பிடித்தான் பிடிக்கும். ஒரு அல்ட்ராசவுண்ட் எடுத்தா போரும். ஊசி கெடையாது. வயித்துல பசை தேச்சு, கருவிய வச்சு பாப்பாவ. வெறும் வயித்தோட போவணும், அவ்வளவுதான்."

"ஒனக்க அம்மாச்சியும் ஸ்கேனுக்குத்தான் போனா" என்று சொல்லி ஜெபகுமாரி போனை வைத்துவிட்டாள். அதற்கு மேல் அந்தப் பெண் சவுதியிலிருந்து என்ன செய்ய முடியும்?

அந்த வருஷம் லெந்து நாட்கள் வந்தன. உயிர்த்தெழுந்த பண்டிகைக்கு முன்னால் வரும் நாற்பது நாள் நோன்பு. ஜெபகுமாரி இந்த முறை வைராக்கியமாக இருந்தாள். மீன் இல்லை, இறைச்சி இல்லை, எண்ணெய்ப் பலகாரம் இல்லை. மத்தியானம் வரை ஒன்றும் சாப்பிடாமல் இருந்து, பிறகு கஞ்சியும் பயறும். சிப்ஸ் வறுக்கும்போது ஒன்றைக்கூட வாயில் போடவில்லை. ஆபேலைக் கூப்பிட்டுத் தின்னச் சொல்லிப் பதம் கேட்டாள். வலி வரவில்லை. ஒரு வாரம் பார்த்தாள், இரண்டு வாரம் பார்த்தாள், வரவேயில்லை. கர்த்தர் தொட்டுவிட்டார் என்று அவள் நம்பினாள். அந்த நம்பிக்கையில் ஒரு கள்ளமும் இல்லை. அதை இங்கே சொல்லாமல் விட்டால் அவளுக்குச் செய்த அநியாயமாகும்.

பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம் சபையில் உபவாசக் கூட்டம். சாட்சி சொல்ல நேரம் கொடுத்தார்கள். ஜெபகுமாரி எழுந்து மைக்கை வாங்கினாள். வலி வந்த விதத்தைச் சொன்னாள், தாய் செத்ததைச் சொன்னாள், மகள் ஸ்கேன் எடுக்கச் சொன்னதைச் சொன்னாள். "நான் ஒரு ஸ்கேனுக்கும் போவல்ல. எனக்க வயித்துக்குள்ள இருக்கத பாக்க கர்த்தருக்கு மெஷின் வேணுமா? கர்த்தரே என் ஸ்கேன்!" என்றாள். கூட்டம் அல்லேலூயா என்று அதிர்ந்தது. போதகர் நல்ல மனிதர். ஜெபமும் பண்ணுங்கள், டாக்டரையும் பாருங்கள் என்று பிரசங்கம் செய்கிறவர்தான். ஆனால் கண்ணீரோடு சாட்சி சொல்கிறவளை நிறுத்தி, "எதுக்கும் ஒண்ணு பாத்திருங்க அம்மா" என்று சொல்ல எந்தப் போதகருக்கு வாய் வரும்?

கூட்டம் முடிந்ததும் எலிசா வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். எலிசா இரண்டு வீடு தள்ளி இருக்கிறவள். அண்டி ஆபீசில் முந்திரிக்கொட்டை தல்லி உடைக்கிற வேலை. கொட்டையின் எண்ணெய் பட்டு விரல்நுனியெல்லாம் எப்போதும் கறுத்திருக்கும். புருஷன் இறந்த பிறகு ஆபேலை அண்ணனாகவும் ஜெபகுமாரியை மைனியாகவும் வைத்துக்கொண்டு, நல்லது கெட்டதுக்கெல்லாம் அந்த வீட்டு வாசலில் வந்து நிற்பவள். அவளுக்கும் சில மாதமாக வயிற்றுவலி. மேல்வயிற்றில் தொடங்கி முதுகைத் துளைத்துக்கொண்டு போகும். அல்ட்ராசவுண்ட் எடுத்தாள், ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். ஆனாலும் டாக்டர் விடாமல் சிடி ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்.

"மைனி, எனக்கும் ஒண்ணு ஜெபிக்கணும்" என்றாள்.

ஜெபகுமாரி அவள் வயிற்றில் கை வைத்தாள். கண்ணை மூடி, தொண்டை கட்டும்வரை ஜெபித்தாள். முடித்துவிட்டுச் சொன்னாள்: "ஏட்டி எலிசா, ஒரு ஸ்கேன்ல ஒண்ணும் இல்லண்ணு வந்தாச்சு. பின்ன எதுக்கு இன்னொண்ணு? நீ அந்த சிடிக்கு போவாண்டாம். விசுவாசத்த விடாத."

எலிசா போகவில்லை.

உயிர்த்தெழுந்த பண்டிகை வந்தது. காலை ஆராதனை முடிந்து வந்ததும் ஆப்பம், தேங்காய்ப்பால் விட்ட ஆட்டிறைச்சிக் கறி, கோழி பொரித்தது. நாற்பது நாள் வைராக்கியத்துக்கும் சேர்த்து ஜெபகுமாரி ஒரு பிடி பிடித்தாள். மத்தியானம் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்ப்பதற்குள் வலி வந்துவிட்டது. அதே இடம், அதே பிடி, அதே தோள்பட்டை. கூடத்தில் விருந்தாட்கள் இருந்தார்கள். அவள் பின்புறக் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் வாந்தி எடுத்தாள். வலியை விட வெட்கம் பெரிதாக இருந்தது. ஊர் முழுக்கக் கேட்கச் சொன்ன வாய் இப்போது வாளிக்குள் குனிந்து கிடக்கிறதே என்று நினைத்து நினைத்து அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து எல்லோருக்கும் பாயசம் விளம்பினாள்.

அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வலி திரும்ப வந்துவிட்டது என்று எலிசாவிடம் மட்டுமாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன நினைப்பார்கள்? விசுவாசத்தில் குறைந்தவள் என்பார்கள். ரகசியமாய் என்ன பாவம் செய்தாளோ என்பார்கள். கர்த்தருடைய பெயருக்கே கேடு என்பார்கள். கர்த்தருடைய பெயரைக் காப்பாற்றத்தான் பேசாமல் இருக்கிறேன் என்று அவள் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். காப்பாற்றியது தன் பெயரைத்தான். அது அவளுக்கு அப்போதே தெரியும்.

அடுத்த வாரம் பெண்கள் சங்கச் செயலாளர் பிரிஜா போன் செய்தாள். பக்கத்துச் சபைகளின் சேகரத்தில் கன்வென்ஷன் கூட்டம். "எக்கா, அந்த 'கர்த்தரே என் ஸ்கேன்' இருக்குல்லா, அத அங்க வந்து ஒண்ணு சொல்லணும். எல்லாரும் கேட்டுட்டே இருக்காவ."

தொண்டை சரியில்லை என்று சொல்லியிருந்தால் தீர்ந்தது. ஜெபகுமாரி போனாள். போவதற்கு முன் ஒரு வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் போனாள். அங்கே பந்தல் நிறைய ஜனம். முன்வரிசையில் தன் சபைப் பெண்களோடு எலிசாவும் உட்கார்ந்திருந்தாள். ஜெபகுமாரி முதல் தடவை சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் சொன்னாள். கடைசியில், "இந்த நிமிஷம் வர எனக்கு ஒரு வேதனையும் இல்ல" என்று ஒரு வரி கூடுதலாகவும் சேர்த்துக்கொண்டாள். முதல் சாட்சி அறியாமை. இது சுத்தப் பொய். மைக்கைத் திருப்பிக் கொடுக்கும்போது அவளுக்குக் கை நடுங்கியது. ஆவியின் அசைவு என்று பக்கத்தில் நின்ற ஒருத்தி சொன்னாள்.

அதன்பிறகு அவள் எலிசாவின் முகத்தைப் பார்ப்பதை விட்டாள். எலிசா மெலிந்துகொண்டே வந்தாள். அண்டி ஆபீஸ் விட்டு வரும்போது ஒரு கையால் வயிற்றை அணைத்துக்கொண்டு வருவாள். எதிரே கண்டால் ஜெபகுமாரி ரப்பர் தோட்டத்துக் குறுக்குவழியில் இறங்கிவிடுவாள். ஜெபகுமாரியும் கஞ்சி, சுட்ட அப்பளம் என்று பத்தியம் இருந்து வலியை ஒளித்துவைத்திருந்தாள். ஆபேல் ஒரு நாள் மட்டும் கேட்டார்.

"ஒனக்கு சொகமில்லியா குமாரி?"

"வெயிலு" என்றாள்.

ஆபேல் வெளியே எட்டிப் பார்த்தார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆட்டோவைத் துடைக்கப் போய்விட்டார்.

ஆனி மாதத்தில் ஒரு நாள் வலி வந்து போகவில்லை. தங்கிவிட்டது. காய்ச்சலும் குளிரும் சேர்ந்துகொண்டன. காலையில் அவள் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் இரட்டையாய் மடங்கி உட்கார்ந்ததை ஆபேல் பார்த்தார். அடுப்பை அணைத்தார், அவளைத் தூக்கி ஆட்டோவில் உட்கார வைத்தார். "எங்க கொண்டு போறிய?" என்றாள். "ஸ்கேனுக்கு" என்றார். கல்யாணமான நாள் முதல் அவர் அவளிடம் கேட்காமல் எடுத்த முடிவு அது ஒன்றுதான். தக்கலை போகும் வழியெல்லாம் அவள் வலியோடு இன்னொரு பயத்தையும் பிடித்துக்கொண்டிருந்தாள். ஸ்கேன் சென்டரில் சபை ஆட்கள் யாராவது இருந்தால்? முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். சாகக் கிடக்கிறவளுக்கு வந்த கவலையைப் பாருங்கள்.

ஸ்கேன் அறையில் ஏசி குளிர்ந்தது. டாக்டர் சின்ன வயதுப் பெண். வயிற்றில் பசையைத் தடவினாள். பெபிஷா சொன்னது போலவே ஊசி இல்லை, ஒன்றும் இல்லை. இதற்கா இத்தனை வருஷம் பயந்தோம் என்று அவளுக்கு இருந்தது.

"மூச்ச இழுத்துப் பிடிங்கம்மா" என்று டாக்டர் கருவியை வலது விலாவுக்குக் கீழே அழுத்தினாள். ஜெபகுமாரி அலறினாள். டாக்டர் தலையாட்டிக்கொண்டு திரையை அவள் பக்கம் திருப்பினாள்.

"இதோ, இந்தக் கறுப்புப் பைதான் பித்தப்பை. உள்ளே வெள்ளையாத் தெரியுதே, கல். நாலஞ்சு இருக்கு. கல்லை ஒலி தாண்டிப் போக முடியாது, அதான் அதுக்குப் பின்னால நிழல் மாதிரி விழுது பாருங்க. பைச் சுவரும் வீங்கியிருக்கு. இன்னைக்கே அட்மிட் ஆகணும். ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டா நல்லாயிடும். இவ்வளவு நாள் எப்படித் தாங்குனீங்க?"

"எடையில ஒரு நாப்பது நாளு வேதனையே இல்லாம இருந்துது டாக்டரே."

"அப்ப என்ன சாப்பிட்டீங்க?"

"லெந்து. கஞ்சிதான். எண்ணெ, எறச்சி ஒண்ணும் இல்ல."

டாக்டர் சிரித்துவிட்டாள். கேலியாக இல்லை, பிரியமாகத்தான் சிரித்தாள். "அப்ப பித்தப்பைக்கு வேலையே கொடுக்கல. அது சும்மா கிடந்திருக்கு. கல் அங்கேயேதான் இருந்திருக்கும்மா."

ஜெபகுமாரிக்கு முகம் காந்தியது. பசை வடிகிற வயிற்றோடு படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். பிறகு கேட்டாள். தனக்காகக் கேட்கவில்லை.

"டாக்டரே, எனக்குத் தெரிஞ்ச ஒருத்தி. அவளுக்கு மேல்வயித்துல வேதனை, முதுகுக்கு போவும். இதே ஸ்கேன்தான் எடுத்தா. ஒண்ணும் தெரியல்லண்ணு சொன்னாவ. பெறவு எதுக்கு சிடி எடுக்க சொல்லுதாவ?"

"ஒண்ணும் தெரியலைன்னா ஒண்ணும் இல்லைன்னு ஆகாதும்மா. இந்த ஸ்கேன் ஒலியை வச்சுப் பாக்குறது. குடல்ல காத்து இருந்தா ஒலி அங்கேயே நின்னுடும். கணையம் அதுக்குப் பின்னால ஒளிஞ்சுகிட்டு இருக்கு. பித்தப்பைக்கு இது நல்ல ஸ்கேன். கணையத்தைப் பாக்கணும்னா பல நேரம் சிடிதான் வேணும். அவங்க எடுத்தாங்களா?"

"இல்ல."

"ஏன்?"

அந்த ஒரு கேள்விக்கு ஜெபகுமாரியிடம் பதில் இருந்தது. இத்தனை பேச்சுப் பேசுகிறவளுக்கு அதை மட்டும் சொல்ல நாக்கு எழவில்லை.

வெளியே வந்ததும் ஆபேலிடம் சொன்னாள். "ஆஸ்பத்திரிக்கு பெறவு போவலாம். முதல்ல அண்டி ஆபீசுக்கு விடுங்க."

"கிறுக்கு பிடிச்சிருக்கா ஒனக்கு?"

"நான் அவள சிடிக்கு போவாண்டாம்ணு சொன்னேன். நான்தான் சொன்னேன்."

ஆபேல் வண்டியைத் திருப்பினார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். அண்டி ஆபீஸ் வாசலில் பெண்கள் தூக்குவாளிகளோடு மரத்தடியில் கூட்டமாக இருந்தார்கள். பாதிப்பேர் சபைப் பெண்கள். எலிசா சாப்பாட்டைத் திறக்காமல் ஓரத்தில் மடங்கி உட்கார்ந்திருந்தாள். ஜெபகுமாரி விலாவைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்கினாள்.

"ஏட்டி எலிசா, இஞ்ச கொஞ்சம் வா. ஒரு காரியம் சொல்லணும்."

"இஞ்சயே சொல்லுங்க மைனி."

"இல்ல, அந்தப் பக்கமா போவலாம்."

எலிசா எழுந்திருக்கவில்லை. அவள் முகம் ஒட்டிப்போயிருந்தது. "மைக்குல சொன்னத மூலையில கொண்டு போயா மாத்தப் போறிய?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் மரத்தடி முழுவதும் பேச்சு நின்றது.

ஜெபகுமாரிக்குப் பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்று இருந்தது. அது பிளக்கவில்லை. எல்லோர் முன்னாலும் நின்று சொன்னாள். "எனக்கு சொகம் கெடச்சதுண்ணு சொன்னது செரியில்ல. கல்லு இருக்கு. இப்ப ஸ்கேன் எடுத்துட்டு வாரேன். ஈஸ்டர் அன்னைக்கே வேதனை திரும்ப வந்தாச்சு. நான் மறச்சிட்டேன். நீ சிடிக்கு போவணும். இன்னைக்கே போவணும்."

"ஈஸ்டர் அன்னைக்கு வந்தது எனக்குத் தெரியும்" என்றாள் எலிசா.

"ஒனக்கு எப்பிடி?"

"பலகாரம் தரலாம்ணு பொறவாசல் வழியா வந்தேன். குளிமுறிக்குள்ள நீங்க சர்த்திக்குதது கேட்டுது. அழுததும் கேட்டுது. செரி, மைனிக்கும் தீரல்ல, நாம சிடி எடுத்துருவோம்ணு வச்சேன். ஆபீசுல லீவு கூட சொல்லியாச்சு." எலிசா மூச்சு வாங்கினாள். "அதுக்கு முன்ன கன்வென்ஷன் வந்துது. நீங்க நின்னு, இந்த நிமிஷம் வர ஒரு வேதனையும் இல்லண்ணு சொன்னிய. அப்ப நான் கேட்டது வேற ஆருக்கயோ சத்தம்ணு நெனச்சேன். ஒங்க வாய நம்பினேன் மைனி. எனக்க காத நம்பல்ல."

ஜெபகுமாரி தரையில் உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். காலில் விழச் சொல்லியிருந்தால் விழுந்திருப்பாள். இரண்டாவது சாட்சி யாருக்கும் தெரியாத பொய் என்றுதான் அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள். அந்தப் பந்தலில் அதைப் பொய் என்று அறியக்கூடிய ஒருத்தி முன்வரிசையில் இருந்திருக்கிறாள். அவளையும் அந்தப் பொய் ஜெயித்துவிட்டது. செய்த காரியத்தின் முழு உயரமும் அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

ஆபேல்தான் அசைந்தார். எலிசாவின் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, "ஏறு மக்கா வண்டியில" என்றார். இரண்டு பெண்களும் பின்சீட்டில் ஆளுக்கொரு பக்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாகர்கோவில் ஆஸ்பத்திரி வரை போனார்கள்.

ஜெபகுமாரியைப் படுக்கவைத்து மருந்து ஏற்றினார்கள். எலிசாவுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்து, மறுநாள் காலையில் சிடிக்கு வரச் சொன்னார்கள். காலையில் ஜெபகுமாரி நர்சிடம் மன்றாடி, மருந்துப் பாட்டிலை ஆபேல் தூக்கிப் பிடிக்க, சிடி அறை வாசல் வரை நடந்து வந்தாள். எலிசா கையில் குத்திய ஊசிக்குழாயோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மருந்து உள்ளே போகும்போது உடம்பெல்லாம் சூடாகும், பயப்படக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பயந்துபோய்த்தான் இருந்தாள்.

"ஜெபியுங்க மைனி" என்றாள்.

ஜெபகுமாரிக்குக் கை எழவில்லை. "நான் ஜெபிச்சது போராதா ஒனக்கு" என்றாள்.

எலிசா அவள் கையைப் பிடித்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள். தொண்டை கட்டும்வரை ஜெபிக்கிற அந்தப் பெண்பிள்ளைக்கு அன்று வந்தது ஒரே வரிதான். "ஆண்டவரே, உள்ள இருக்கத உள்ளபடி காட்டும்."

காட்டினார். கணையக் குழாயில் கற்கள் அடைத்து, கணையமே சுருங்கிப்போயிருந்தது. பயந்த மாதிரி புற்று இல்லை. குழாய்க் கருவி விட்டு அடைப்பை எடுத்தார்கள். ஆனால் சர்க்கரை வந்துவிட்டது. இனி ஊசியும் சாப்பாட்டோடு மாத்திரையும் காலத்துக்கும் வேண்டும். முதலிலேயே வந்திருந்தால் சர்க்கரை வராமல் இருந்திருக்குமா என்று ஜெபகுமாரி டாக்டரிடம் கேட்டாள். சொல்ல முடியாது, ஆனால் இவ்வளவு நாள் வலியை அனுபவித்திருக்க வேண்டாம் என்றார். எப்படியும் வந்திருக்கும் என்று சொல்லிவிடுவார் என அவள் ஆசைப்பட்டிருந்தாள்.

ஜெபகுமாரிக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். கல்லை ஒரு சின்னக் குப்பியில் போட்டுக் கொடுத்தார்கள். பார்க்க வந்தவர்கள் கேட்டால் காட்டினாள். கதை சொல்லவில்லை.

அறுப்பின் பண்டிகைக்கு முந்தின ஞாயிறு போதகர் சாட்சிக்கு நேரம் கொடுத்தார். எல்லாத் தலையும் ஜெபகுமாரி பக்கம் திரும்பியது. போதகரும் புன்னகையோடு அவளைப் பார்த்தார். அவள் குனிந்து பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் யாரோ எழுந்து போகிற சத்தம் கேட்டது. எலிசா. கறுத்த விரல்களால் மைக்கைப் பிடித்தாள். அவள் அதுவரை மைக்கைத் தொட்டதில்லை. வாயிலிருந்து ரொம்பத் தள்ளிப் பிடித்திருந்தாள்.

"எனக்கு வயித்துல கல்லு. டாக்டர்மாரு கொஞ்சம் எடுத்தாவ. தெனமும் ஊசி போடுதேன். வேதனை கொறஞ்சிருக்கு. முழுசா போவல்ல, இப்பவும் உண்டு." கொஞ்சம் யோசித்தாள். "அவ்வளவுதான்."

சபை திகைத்தது. இதற்கு அல்லேலூயா சொல்வதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. இப்பவும் உண்டு. இந்த இரண்டு வார்த்தைதான். மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு அன்று பந்தலில் ஜெபகுமாரி சொல்லியிருக்க வேண்டியது இந்த இரண்டு வார்த்தைதான். அவளுக்குக் கண்ணீர் பாயில் சொட்டியது. தலையைத் தூக்காமலே, அத்தனை பெரிய சபையில் தனியாக, "ஆமென்" என்றாள்.